பனி கரைந்ததும் ஓடினேன், இப்போது குதிகால் நோகிறது

கேள்வி:

வணக்கம். எனக்கு 48 வயது, ஸ்காபரோவில் இருக்கிறேன். ஊரில் படித்த காலத்தில் பாடசாலை அணியில் கரப்பந்து ஆடியவன். இங்கே வந்த பிறகு வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று எல்லாம் நின்றுபோய்விட்டது. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வீடு, கார், வேலை, திரும்ப வீடு, இவ்வளவுதான். இந்த வருடம் ஏப்ரல் நடுவில் வெயில் எறித்த முதல் வாரமே புதுச் சப்பாத்து வாங்கி, மோர்னிங்சைட் பார்க்கில் ஹைலண்ட் கிரீக் ஓரமாகத் தினமும் 5 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினேன். மூன்றாவது வாரம் இடது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக நோ வந்தது. காலையில் கட்டிலால் இறங்கினால் பத்து நிமிடம் நொண்டித்தான் நடக்கிறேன். குடும்ப வைத்தியர் மாத்திரை தந்து இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார். எடுத்தேன், நோ போய்விட்டது. திரும்ப ஓடிய மறுநாள் காலை அதே நோ. ஜூலையில் எங்கள் ஊர்ச் சங்க ஒன்றுகூடல். ஓவர்கேம் கரப்பந்து அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? ஊசி போட்டால் சரிவருமா? சித்தாலேப பூசி உருவினால் மாறுமா? இதற்கிடையில் மனைவி பின்வளவில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கொத்தி, நாரி பிடித்துப் படுத்திருக்கிறா. அவவுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அண்ணா. ஓடத் தொடங்கியதற்கு முதலில் என் பாராட்டு. இந்த நோவைக் காரணம் காட்டி அதைக் கைவிட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது அக்கிலிஸ் தசைநாணில் வந்த கோளாறு. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாண் அது. இது நன்றாகக் குணமாகக்கூடியது. ஆனால் படுத்திருந்தால் குணமாகாது, ஊசியாலும் மாறாது. அந்த நாணுக்கு அளவாகப் பாரம் கொடுத்துக் கொடுத்துத்தான் அதைத் திரும்ப உறுதியாக்க வேண்டும். குறைந்தது 12 வாரம் பிடிக்கும். ஆகவே ஜூலை ஓவர்கேமில் இருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மனம் நோகும், தெரியும். மே கடைசியில் தொடங்கினால் ஓகஸ்ட் இறுதியில் நீங்கள் பந்தைத் தொடலாம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கிளினிக்குக்கு வரும் நோக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். குதிகால், முழங்கால், நாரி, தோள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் "வயது போய்விட்டது" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். நான் வயதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த ஐந்து மாத இடைவெளியைத்தான் சொல்வேன். கனடாவில் குளிர்காலம் என்றால் கட்டிலால் எழும்பி, கராஜில் காருக்குள் ஏறி, வேலையிடத்து வாசலில் இறங்குவது. ஒரு நாளில் 2000 அடிகூட நடக்காதவர்கள் எத்தனையோ பேர். அந்த மாதங்களில் தசையும் நாணும் தங்களுக்குக் கிடைக்கும் வேலைக்கு ஏற்றபடி தங்களைச் சுருக்கிக்கொள்ளும். பிறகு ஏப்ரலில் ஒருநாள் 15 பாகை வெயில் எறிக்கும். அன்றே 5 கிலோமீட்டர்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அக்கிலிஸ் நாண் உங்கள் உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு இழுவையைத் தாங்குகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 450 கிலோவுக்கு மேல். 5 கிலோமீட்டர் ஓட ஒரு கால் 2500 தடவைக்கு மேல் நிலத்தில் ஊன்றும். ஐந்து மாதம் நாளுக்கு 2000 அடிகூட நடக்காத ஒரு காலின் நாணிடம் இதைக் கேட்கிறீர்கள், அதுவும் தினமும்.

இதில் பலரையும் ஏமாற்றுவது மூச்சுத்தான். திரும்ப ஓடத் தொடங்கினால் இரண்டு மூன்று வாரத்திலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். முதல் வாரம் இளைத்தது மூன்றாம் வாரம் இளைக்காது. "எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது" என்று வேகத்தைக் கூட்டுவோம். தசையும் ஓரளவு விரைவாகத் தேறும். நாண் அப்படி இல்லை. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, அதன் நார்கள் மாதக் கணக்கில்தான் தடிக்கும். அதனால்தான் நோ முதல் நாள் வராமல் மூன்றாவது வாரம் வருகிறது. உங்களுக்கும் சரியாக மூன்றாவது வாரம்தான் வந்திருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் ஆடியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எப்படித் துள்ளுவது, எப்படிப் பாய்வது என்பது உடம்புக்கு மறக்கவில்லை. ஆனால் அதைத் தாங்கும் கால் இப்போது இல்லை.

உங்கள் பாதையையும் கவனியுங்கள். ஹைலண்ட் கிரீக் ஓடுவது பள்ளத்தாக்கில். ஓரத்துப் பாதை பெரும்பாலும் சமதரை, ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பி வர மேட்டில் ஏற வேண்டும். மேட்டில் ஓடும்போது பாதம் மேல்நோக்கி மடியும், குதிகால் நாண் இன்னும் கூடுதலாக இழுபடும். களைத்த காலோடு அந்த மேட்டில் ஓடி ஏறியதும் இதில் பங்கு வகித்திருக்கும். புதுச் சப்பாத்தில் குதிப்பக்கம் பழையதைவிடத் தட்டையாக இருந்தால் அதுவும் ஒரு காரணம். புதுத் தூரம், புது மேடு, புதுச் சப்பாத்து மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்காமல் இருந்திருந்தால் நல்லது. இனிமேல் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் இரண்டு வாரம் அப்படியே விடுங்கள்.

இப்போது உங்கள் காலைப் பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, மனைவியையோ பிள்ளையையோ அந்த நாணை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் எலும்பில் இருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே நொந்தால் அது நாணின் நடுப்பகுதி. அங்கே மற்றக் காலைவிடச் சற்றுத் தடிப்பாகவும் இருக்கலாம். நீங்கள் "குதிகாலுக்கு மேலே" என்று எழுதியதால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நோ எலும்போடு ஒட்டிய இடத்தில் இருந்தால் வைத்தியம் கொஞ்சம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன். குதிகாலின் அடிப்பக்கம், உள்ளங்காலில் நொந்தால் அது வேறு கோளாறு. அதுவும் இந்த மாதங்களில் நிறைய வரும், அதற்கும் காலை முதல் அடிதான் கொடுமை.

அதே கிடையில் கெண்டைக்கால் தசையை ஒருதரம் கையால் அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசைந்தால் நாண் முழுதாக அறவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அசையாவிட்டால் இதை வாசிப்பதை விட்டுவிட்டு இன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. நாணின் நடுவில் நோவும் காலை விறைப்பும் கிள்ளினால் வலியும் இருந்தால் கையால் பார்த்தே சொல்லிவிடலாம். 45 தாண்டிய பலருடைய நாணை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், நோவே இல்லாதவர்களுக்கும் ஏதாவது மாற்றம் தெரியும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் அப்போது எடுப்போம்.

உங்கள் வைத்தியர் ஓய்வு எடுக்கச் சொன்னது பிழை என்று சொல்ல மாட்டேன், நோ அடங்க அது உதவியது. ஆனால் இரண்டு வார ஓய்வில் நோ குறைந்ததே தவிர நாணின் பலம் கூடவில்லை, உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த நாணோடு திரும்பவும் அதே 5 கிலோமீட்டர் ஓடினீர்கள். ஓய்வு, ஓட்டம், நோ, ஓய்வு என்று இதே வட்டத்தில் வருடக் கணக்காகச் சுற்றுகிறவர்களும் உண்டு.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதல் ஒரு வாரம் அல்லது பத்து நாள் ஓட்டமும் துள்ளலும் வேண்டாம். நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், நீந்தலாம். சப்பாத்துக்குள் இரண்டு காலுக்கும் 12 மில்லிமீட்டர் அளவில் குதி உயர்த்தும் பட்டை வைத்துக்கொள்ளுங்கள், பார்மசியில் கிடைக்கும். நாண் இழுபடுவது அதனால் குறையும். வீட்டுக்குள்ளும் குதி சற்று உயர்ந்த ஒரு செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு மாலை முழுக்க வெறும் காலோடு மரத்தரையில் நடக்கிறோம், நொந்த குதிகாலுக்கு அது கடினம்.

அந்தப் பத்து நாளும் செய்ய வேண்டியது இது. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி, பாதி உயரத்தில் 45 வினாடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஆறுங்கள். இப்படி ஐந்து தடவை, நாளுக்கு ஒன்றிரண்டு முறை. செய்து முடித்த கையோடு நோ குறைவதைச் சிலர் உணர்வார்கள்.

பிறகு அசைவோடு செய்யும் பயிற்சி. இதுதான் உண்மையான மருந்து, இதைச் சரியாகச் செய்கிறவர்கள்தான் தேறுகிறார்கள். மாடிப்படியின் கடைசிப் படியில் பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். மூன்று வரை எண்ணி இரண்டு குதிகாலையும் மேலே உயர்த்துங்கள். மேலே ஒரு கணம் நில்லுங்கள். மூன்று வரை எண்ணி இறக்கி, குதிகால் படியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே போகும் வரை விடுங்கள். கிளினிக்கில் நான் மிகக் கூடுதலாகத் திருத்துவது இந்த வேகத்தைத்தான். வீட்டில் அவசரமாக மேலும் கீழும் குலுக்கி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மெதுவாகச் செய்தால்தான் பாரம் நாணில் போய்ச் சேரும். இன்னொன்று, உயர்த்தும்போது பாதம் வெளிப்பக்கமாகச் சரிய விடாதீர்கள். எடை பெருவிரலிலும் அடுத்த விரலிலும் இருக்க வேண்டும்.

இதை 15 தடவையாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். இலகுவானதும் இரண்டு காலால் உயர்த்தி நொந்த காலால் மட்டும் இறக்குங்கள். அதுவும் இலகுவானால் ஏற்றுவதும் இறக்குவதும் ஒற்றைக் காலால். இதே பயிற்சியை முழங்காலைச் சற்று மடித்தும் செய்ய வேண்டும். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் உண்டு. முழங்காலை மடித்தால்தான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை பெரும் வேலையை எடுக்கும். ஓடுகிறவருக்கு அது மிக முக்கியம், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஒற்றைக் காலில் 15 தடவை தடையின்றி வந்துவிட்டதா? ஒரு முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு 10 கிலோ. பாரம் கூடக் கூட எண்ணிக்கையை எட்டு வரை குறைக்கலாம்.

குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும் முறையை 1998-இல் சுவீடனைச் சேர்ந்த ஹோகன் அல்ஃபிரெட்சன் குழு வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களே 12 வாரத்தில் திரும்ப ஓடினார்கள். அவர் சொன்னது தினமும் இரண்டு நேரம், ஒவ்வொரு நேரமும் நேர்க்காலோடும் மடித்த காலோடும் 15 தடவையாக மூன்று சுற்று. ஒருநாளைக்கு 180 தடவை. வேலைக்குப் போகிற ஒருவரால் அதைத் தொடர முடிவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், மெதுவாக, நல்ல பாரத்தோடு செய்தாலும் பலன் அதேதான் என்று 2015-இல் டென்மார்க்கில் செய்த ஆய்வு காட்டியது. நான் இந்த இரண்டாவது முறையைத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதைச் செய்து முடிக்கிறார்கள்.

எலும்போடு ஒட்டிய இடத்தில் நோ உள்ளவர்கள் படியில் நின்று செய்யக் கூடாது, சமதரையில் செய்ய வேண்டும். குதிகால் கீழே இறங்கினால் நாண் எலும்போடு அழுத்தப்படும், நோ கூடும். சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியும் அவர்களுக்கு ஆகாது.

"நொந்தால் நிறுத்தவா?" என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கொஞ்சம் நோகலாம். பூச்சியத்தில் இருந்து பத்து வரை அளந்தால், செய்யும்போது ஐந்து வரை போனாலும் பயமில்லை. மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. கட்டிலால் இறங்கி முதல் பத்து அடி வையுங்கள். நேற்றுக் காலையைப் போல இருந்தால் அல்லது குறைந்திருந்தால் நீங்கள் கொடுத்த பாரம் சரி. கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அளவுக்கு மிஞ்சியது, அடுத்த முறை ஒரு படி பின்னுக்குப் போங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். கலண்டரில் தினமும் காலை ஒரு எண்ணை எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பது தெரியும். ஒரு நல்ல நாளையோ ஒரு கெட்ட நாளையோ வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அரை மணி நேரம் விறுவிறு என்று நடந்து, மறுநாள் காலை எந்த மாற்றமும் இல்லையென்றால் திரும்ப ஓடத் தொடங்கலாம். சமதரையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதை எட்டுத் தடவை. அடுத்த ஓட்டம் குறைந்தது ஒருநாள் விட்டுத்தான். ஒவ்வொரு வாரமும் ஓடும் நிமிடத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைத்தால் ஓகஸ்ட் நடுவில் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள். தூரம் முதலில் வரட்டும். மேடும் வேகமும் கடைசியில். ஓடத் தொடங்கியதும் படிப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் பலர், தயவுசெய்து விடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாளாவது பனிக்காலம் முழுக்கச் செய்தால் அடுத்த ஏப்ரலில் நாண் தயாராக இருக்கும். அதற்கு வெளியே போகவும் தேவையில்லை, பேஸ்மென்ட் படி போதும்.

ஊசி பற்றிக் கேட்டீர்கள். ஸ்டீரொயிட் ஊசியை அக்கிலிஸ் நாணுக்குள் போட வேண்டாம். சில வாரம் நோ மறையலாம், ஆனால் நாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. சித்தாலேப பூசலாம். சூடாக இருக்கும், இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. கெண்டைக்கால் தசையை நல்லெண்ணெய் போட்டு உருவுங்கள், நல்லது. நாணையே பெருவிரலால் ஊன்றி உருவ வேண்டாம். பூச்சாலும் உருவுவதாலும் நாண் பலப்படாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஐஸ் வைத்தால் நோ குறையும், 10 நிமிடம் துணியில் சுற்றி வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, கால் உயர்த்தல் என்ற பழைய சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மர்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் தானே எழுதினார். ஆகவே ஐஸை நோ தணிக்க மட்டும் பாவியுங்கள். இபுபுரோஃபன் வகை மாத்திரைகளை வாரக் கணக்கில் விழுங்க வேண்டாம், அதுவும் இரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்தை நான் கேட்க வேண்டும். உங்களுக்குச் சீனி வியாதி உண்டா? கொலஸ்ட்ரோல்? எங்கள் ஆட்களுக்கு இரண்டும் அதிகம், இரண்டும் குதிகால் நாணைக் கெடுக்கும். நாண்நோவுக்காக வந்து, இரத்தம் சோதித்தபோது சீனி பிடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடமாகச் சோதிக்கவில்லை என்றால் சோதியுங்கள். அதோடு, அண்மையில் சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் போன்ற மாத்திரை எடுத்தீர்களா என்று யோசியுங்கள். இந்த வகை அன்டிபயோட்டிக் நாணைப் பலவீனப்படுத்தி அறுக்கக்கூடும் என்று 2008-இல் இருந்தே அமெரிக்காவில் மருந்துப் பெட்டியோடு கடும் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. எடுத்திருந்தால் பயிற்சி தொடங்க முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி அக்காவின் நாரி. விக்டோரியா தின நீள்வார இறுதி வந்தால் ஸ்காபரோவில் பாதி வீடுகளின் பின்வளவில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். உறைபனிப் பயம் போய்விட்டது, உள்ளே வளர்த்த கத்தரிக் கன்றும் மிளகாய்க் கன்றும் வெளியே வரவேண்டும், கடையில் மண்மூட்டை மலிவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்கிறோம். ஐந்து மாதம் குனியாத நாரி, நான்கு மணி நேரம் குனிந்து, திரும்பி, ஈர மண்ணைத் தூக்குகிறது. பிடிக்காமல் என்ன செய்யும்?

அக்காவிடம் முதலில் இவற்றைக் கேளுங்கள்: இருக்கும்போது நிலத்தில் படும் இடம், தொடைகளின் உட்பக்கம் மரத்துப்போயிருக்கிறதா? சிறுநீர் போகக் கஷ்டமா, அல்லது தெரியாமல் போகிறதா? கால் பலமிழந்து தடுக்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு நாரி நொந்தாலும் அப்படித்தான். ஒன்றும் இல்லையென்றால் இது சாதாரணப் பிடிப்பு, பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும். ஆனால் படுத்துக்கிடக்கக் கூடாது. படுக்கையில் கிடப்பது நாரியை மேலும் இறுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எழும்பி வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடக்கட்டும். சுடுநீர்ப்பை 15 நிமிடம் வைக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இரண்டு காலையும் சேர்த்து இடமும் வலமும் மெல்லச் சாய்க்கட்டும், பத்துப் பத்துத் தடவை. இரண்டு மூன்று நாளில் வெளியே நடக்கலாம்.

பாத்தி வேலையைத் திரும்பத் தொடங்கும்போது காலையில் கட்டிலால் எழும்பிய கையோடு மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி இறுகி நிற்கும். ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு குனிவது நல்லது. 20 நிமிடம் கொத்தினால் அடுத்த 20 நிமிடம் கன்று நடுவதோ தண்ணீர் விடுவதோ என்று வேலையை மாற்ற வேண்டும். மண்ணைத் தூக்கி எறியும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். மூட்டையை முழுதாகத் தூக்காமல் கராஜிலேயே பிரித்து வாளியில் பாதி பாதியாகக் கொண்டு போகலாம். இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள் அண்ணா. வீட்டில் நான்கு பேர் சாப்பிடும் கத்தரிக்காய்க்கு ஒருவர் மட்டும் ஏன் நாரி முறிய வேண்டும்?

ஒன்றுகூடலுக்கு நீங்கள் கட்டாயம் போங்கள், ஆடாமல் போங்கள். அங்கே "பெற்றோருக்கான ஓட்டம்" என்று ஒலிவாங்கியில் அறிவித்து இழுத்துவிடுவார்கள், கயிறு இழுக்கவும் கூப்பிடுவார்கள். கொத்துரொட்டி சாப்பிட்டு மரநிழலில் இருந்துவிட்டு, உடம்பைச் சூடாக்காமல் 50 மீட்டர் பாய்வதைவிடக் குதிகால் நாணை அறுக்கச் சிறந்த வழி கிடையாது. நாண் அறும்போது பின்னால் இருந்து யாரோ காலில் உதைத்தது போல இருக்கும், "டப்" என்று சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். நோ அவ்வளவாக இல்லாததால் சுளுக்கு என்று நினைத்து ஒரு வாரம் கடத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே, பாதத்தைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் பூட்ஸ் போட்டு ஒட்டவைக்கலாம். ஒன்ராறியோவின் லண்டன் நகரில் செய்து 2010-இல் வெளியான ஆய்வும் இதற்கு முக்கிய ஆதாரம். நாள் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நீங்கள் ஓகஸ்டில் ஆடப் போகும்போது முதலில் பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், குதிகால் உயர்த்தல், பக்கவாட்டு அடிகள், சின்னத் துள்ளல்கள் என்று படிப்படியாகச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் குனிந்து காலைத் தொடும் பயிற்சி மட்டும் போதாது.

கரப்பந்தில் கணுக்கால் மடிவதும் சாதாரணம். எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க ஒட்டாவாவில் 1992-இல் ஒரு விதி வகுத்தார்கள், இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் விளிம்பில் அல்லது நுனியில் அமுக்கினால் நொந்தாலோ, மடிந்த உடனும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தில் சின்னவிரல் பக்கத்து எலும்பின் அடி, உள்பக்க வளைவின் உச்சி எலும்பு, இவற்றை அமுக்கினால் நொந்தாலும் அப்படியே. இவை ஒன்றும் இல்லையென்றால் அது சுளுக்கு. கட்டுப் போட்டு, ஓரிரு நாளிலேயே மெல்ல மெல்ல ஊன்றி நடக்கத் தொடங்கலாம்.

எச்சரிக்கை இன்னும் இரண்டு. கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி, சூடாகி, இருந்த இடத்திலேயே நொந்தால், அதுவும் அண்மையில் ஊருக்குப் போய் நீண்ட விமானப் பயணம் செய்து வந்திருந்தால், அது தசைநோவாக இல்லாமல் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை உருவவே கூடாது, உடனே காட்ட வேண்டும். அடுத்தது, ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய எலும்பு நோ, கணைக்கால் எலும்பிலோ பாதத்திலோ, நடக்க நடக்கக் கூடி இரவிலும் நொந்தால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம். அப்படியானால் ஓட்டத்தை முற்றாக நிறுத்த வேண்டும். பனிக்காலம் முழுக்க வெயில் படாத எங்கள் கறுத்த தோலுக்கு விட்டமின் டி குறைவது சாதாரணம். 70 வயது வரை நாளுக்கு 600 அலகு என்பது ஹெல்த் கனடாவின் பரிந்துரை. அதற்கு மேல் எடுப்பதென்றால் வைத்தியரிடம் கேட்டு எடுங்கள்.

ஆறு வாரம் இதைச் செய்தும் காலை எண் குறையவில்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். ஒன்ராறியோவில் அதற்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். உங்கள் வயதுக்கு ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி பொதுவாகப் பணம் கட்டாது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், வைத்தியரின் கடிதத்தோடு போனால், அரசு நிதி பெறும் குறிப்பிட்ட கிளினிக்குகளில் இலவசம். வீட்டில் அம்மா, அப்பா இருந்தால் அவர்களுக்கு இது உதவும். வேலையிடக் காப்புறுதி இருந்தால் பெரும்பாலும் பிசியோவுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். சில நிறுவனங்கள் பணம் தர வைத்தியரின் கடிதம் கேட்கும், ஆகவே முதல் நாள் போக முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் ஏதாவது சந்தேகம் வந்தால் 811-ஐ அழைத்தால் எந்நேரமும் ஒரு தாதியோடு கதைக்கலாம், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள்.